வியாழக்கிழமையே அடித்த ஃப்ளெக்ஸ்

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வாழ்த்து வந்துவிட்டது. அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை மறைக்கிற அகலத்தில்.

யாமினி அப்போது சிங்கப்பூரில், தெம்பனிஸில் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ஃபோனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு, அன்றைய கவலைகளை மன்னார்குடியிலிருக்கும் வீட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல ஃபோன் அதை எழுத்தாக்கி குடும்பக் குழுவில் போடும். தட்டி எழுதுகிற பொறுமை அவளுக்குக் கிடையாது. கவலை கூடினால் வார்த்தையும் கூடுகிற சுபாவம். சிங்கப்பூர் வந்த புதிதில் எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்பது என்பதைப் பற்றியே ஒரு பக்கத்துக்குச் செய்தி அனுப்பியவள். அந்த வாரம் முழுக்கக் கடலைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசி வரியில், "ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது முடிச்சுடுவேன்" என்று சொல்லி நிறுத்தியிருந்தாள்.

அதற்குப் பதிலாக மாசிலாமணி சித்தப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது.

சித்தப்பா கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். மன்னார்குடியில் யாருக்குக் காது குத்தினாலும், யார் புது வீடு புகுந்தாலும் அவருடைய மெஷின் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். படத்தில், பொங்கி எழும் நீல அலைகளுக்கு நடுவில் யாமினியின் பட்டமளிப்பு விழா முகம். நீச்சல் உடை மரியாதையாக இருக்காது என்று கழுத்துக்குக் கீழே ஒரு சுடிதாரை ஒட்டி, துப்பட்டாவையும் காற்றில் பறக்கவிட்டிருந்தார். இடது பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய சைக்கிள். கீழே வரிசையாக முட்டை வடிவ வட்டங்களுக்குள் குடும்பத்தார் கைகூப்பி நின்றார்கள். சித்தப்பா மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் ஃபோனை வைத்து, ஏதோ முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூர்க் கடலை நீந்திக் கடந்து, சைக்கிளில் பறந்து, ஓடி முடித்து வெற்றி வாகை சூடிய எங்கள் குலத் தங்கமே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!"

யாமினி இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிவிட்டாள். எதிர் ரயிலுக்காகக் காத்து நின்றபடியே சித்தப்பாவைக் கூப்பிட்டாள். பந்தயமே இன்னும் நடக்கவில்லை என்று அவள் எடுத்துச் சொன்னபோது அவர் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து முகூர்த்த நாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெஷின் கல்யாண ஆர்டருக்கே போய்விடும். வியாழக்கிழமை மத்தியானம் கொஞ்சம் சும்மா இருந்தது, அடித்துவிட்டார். அடித்ததைச் சுருட்டி வைத்தால் மை ஒட்டிக்கொள்ளும் என்று கட்டியும்விட்டார். வாழ்த்த வயதில்லை என்பது போன மாதம் ஒரு தலைவருக்கு அடித்ததில் தங்கிப்போனது, அழிக்க மறந்துவிட்டார்.

"சித்தப்பா, நான் கடலக் கடக்கப் போறதில்ல. கரையோரமா கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வரணும், அவ்ளோதான்."

"உள்ள எறங்குவ, வெளிய வருவ. நடுவுல இருக்கறது கடல்தானம்மா?"

அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். ஊரே பார்த்துவிட்டது, பேங்க் மேனேஜர் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார், இனிமேல் கழற்றினால்தான் அசிங்கம் என்று சித்தப்பா ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இந்த டிரையத்லானுக்கு அவள் ஆசைப்பட்டுச் சேரவில்லை. ஆபீசில் அடுத்த இருக்கைக்காரன் ஜெய், சிங்கப்பூரிலேயே, புக்கிட் பாஞ்சாங்கில் பிறந்து வளர்ந்தவன், வருஷா வருஷம் இதில் ஓடுகிறவன். இந்த வருஷம் நீயும் வாயேன் என்று கேட்டான். மறுப்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டும். சம்மதிப்பதற்குத் தலையாட்டினால் போதும். தலையாட்டிவிட்டாள். அப்புறம் ஜாலான் புசார் நீச்சல் குளத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் குடித்து நீந்தக் கற்றுக்கொண்டாள். குளத்தில் பயமில்லை. அடியில் ஒரு கறுப்புக் கோடு போகும், அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். ஈஸ்ட் கோஸ்ட் கடலில் ஒரே ஒரு நாள் இறங்கிப் பார்த்தாள். கீழே கோடு இல்லை. கீழே எதுவுமே இல்லை. பத்துக் கை போடுவதற்குள் கரைக்கு ஓடி வந்துவிட்டாள்.

குறித்த நேரத்துக்குள் நீந்தி முடிக்காவிட்டால் படகில் ஏற்றிக் கரையில் விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினாலும், பத்தரை மணிக்குப் பந்தயத்தையே மூடிவிடுவார்கள். அதற்குள் கோட்டைத் தொடாதவர்களுக்குப் பதக்கம் கிடையாது. இதுவரை, முடியாவிட்டால் போகட்டும் என்று மூலையில் ஒரு சின்ன ஆறுதலை ஒளித்து வைத்திருந்தாள். ஃப்ளெக்ஸ் அதையும் பிடுங்கிக்கொண்டது. முடிக்காமல் வந்தால் மன்னார்குடியில் தெருமுனையில் நிற்பது பச்சைப் பொய். அம்மா பால் வாங்கப் போகிற வழியில் நிற்கிற பொய்.

ரோவல் ரோடு அடுக்குமாடி புளோக்கில் அவள் வாடகைக்கு இருந்த அறை கதீஜா அக்காவுடையது. தேக்கா சென்டர் மாடியில் தையல் கடை வைத்திருப்பவர், ஜெய்யின் அக்கா கொடுத்த பழைய பந்தய உடையை யாமினிக்காக அங்கங்கே பிடித்துத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். படத்தைப் பார்த்ததும் முதலில் கண்ணாடியைத் தேடினார். போட்டுக்கொண்டு பார்த்ததும் நாற்காலியைத் தேடினார். உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சுடிதாரின் கழுத்து வெட்டு சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

குடும்பக் குழுவில் மாமா, அத்தை, பெரியம்மா எல்லாரும் பூங்கொத்துகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அம்மா மட்டும் சனிக்கிழமை ராத்திரி வரை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "கடல்ல கால் எட்டுமா?"

எட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தாள் யாமினி. ஃபோன் அவள் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் பொய் வரவில்லை, உண்மையும் வரவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஞாயிறு விடிவதற்கு முன் ஜெய் தன் அப்பாவின் காய்கறி வேனில் வந்து யாமினியை ஏற்றிக்கொண்டான். பின்னால் இரண்டு சைக்கிள்கள். அதில் பழையது யாமினிக்கு இரவல். வேனெல்லாம் கொத்தமல்லி வாசனை. தொழுகையை முடித்துக்கொண்டு கதீஜா அக்காவும் ஒரு பிளாஸ்க் தே ஹாலியாவோடு ஏறிக்கொண்டார். டீயில் இஞ்சி காட்டமாக இருந்தது. இரண்டு மடக்குக் குடித்ததும் யாமினிக்குத் தொண்டை எரிந்தது, கொஞ்சம் தைரியம் வந்த மாதிரியும் இருந்தது.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சைக்கிள்களை வரிசையாகக் கம்பியில் மாட்ட வேண்டும். ஜெய் எல்லா விதிகளையும் இன்னொரு தடவை சொன்னான். முக்கியமானது ஒன்று: நீந்திவிட்டு வந்ததும் ஹெல்மெட்டைப் போட்டு, வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். ஒரு விரல் முன்னால் பட்டால்கூட நடுவர் நிறுத்திவிடுவார். யாமினி மூன்று தடவை தலையாட்டினாள்.

"ரிலாக்ஸ் லா. பயந்தா, பக்கத்துல காவலுக்கு வர்ற கயாக் படகப் புடிச்சுக்கோ. புடிச்சா தப்பில்ல, அத வச்சு முன்னால போனாத்தான் தப்பு," என்று சொல்லிவிட்டு அவன் தன் கூட்டத்தோடு போய்விட்டான். அவன் கூட்டத்துக்குத் தொடக்கம் அவளுடையதற்கு முன்னால்.

ஃபோனைக் கதீஜா அக்காவிடம் கொடுத்தாள் யாமினி. கொடுத்ததும் கை காலியாகி, என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது.

ஊதல் சத்தம் கேட்டதும் அவளோடு நின்றிருந்தவர்கள் தண்ணீரை வெள்ளையாக்கிக்கொண்டு ஓடினார்கள். யாமினி கடைசியாக இறங்கினாள். இடுப்புவரை நடந்தாள். மார்புவரை நடந்தாள். அப்புறம் கால் எட்டவில்லை.

முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். பழுப்புப் பச்சை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. தூரத்தில் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள் அசையாமல் நின்று அவளையே பார்ப்பதுபோல இருந்தன. முதல் ஆரஞ்சு மிதவையைக்கூட எட்டவில்லை, அதற்குள் பக்கத்தில் வந்த கயாக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதிலிருந்த காவல்காரப் பெண் அவளைவிடச் சின்னவளாக இருப்பாள். ஓய்வெடுக்கிறாயா, நிறுத்திக்கொள்கிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நிறுத்துவதென்றால் கையைத் தூக்கினால் போதுமாம்.

கையைத் தூக்கத்தான் நினைத்தாள். அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துத் துப்பட்டா கண்ணுக்குள் பறந்தது. பேங்க் மேனேஜர் வண்டியை நிறுத்திப் படித்தார். நாளைக்குக் காலையில் அம்மா பால் பாத்திரத்தோடு அதன் கீழே நடந்து போவாள், யாராவது விசாரிப்பார்கள், அம்மா என்ன சொல்வாள்? யாமினி கயாக்கை விட்டாள். முங்கினாள். வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு மறுபடி கயாக்கைப் பிடித்தாள்.

ஃப்ளெக்ஸுக்குத் தள்ளிவிடத்தான் தெரிந்தது, மிதக்க வைக்கத் தெரியவில்லை.

இருமி முடித்ததும், பழக்கதோஷத்தில், வாய் தானாகவே திறந்தது. "அம்மா, இப்ப நான் ஒரு கயாக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். நிக்கறேன்னா, காலு எட்டல. நேத்து நீ கேட்டதுக்குப் பதில் அதான். எட்டாது."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ கழன்ற மாதிரி காற்று உள்ளே போனது. இவ்வளவு நேரம் மூச்சை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பேசினால் மூச்சை விட்டுத்தான் ஆக வேண்டும், விட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். கயாக்கை விட்டு, தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, தவளை மாதிரிக் கையையும் காலையும் விரித்து, பேசிக்கொண்டே நீந்தினாள்.

அம்மாவிடம் முதல் மிதவையைப் பற்றிச் சொன்னாள். அது கிட்டத்தில் எவ்வளவு பெரியது, அடியில் எவ்வளவு பாசி பிடித்திருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். கப்பல்கள் எத்தனை நிறம் என்று சொன்னாள். கதீஜா அக்கா உடையைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டார், கக்கத்தில் அறுக்கிறது என்று சொன்னாள். ஃபோனில்லாமல், எழுத்தில்லாமல், தண்ணீரின் மேலேயே செய்தி போய்க்கொண்டிருந்தது. கயாக் பெண் கடைசிவரை மரியாதையாகச் சற்றுத் தள்ளியே வந்தாள். யாமினி பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். காலில் மணல் தட்டுப்பட்டபோது யாமினி பாதி வாக்கியத்தில் இருந்தாள். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்து நின்றாள்.

படகு வருவதற்குள் கரை ஏறிவிட்டாள். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த வம்பைக் கொண்டுவந்தது.

வரிசையில் ஜெய்யின் பழைய சைக்கிள் தனியாக நின்றது. சுற்றியிருந்தவையெல்லாம் போய்விட்டிருந்தன. அதைப் பார்த்ததும், வாழ்நாளில் எந்த வண்டியில் ஏறும்போதும் செய்ததை யாமினி செய்தாள். ஹேண்டில்பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விசில் ஒலித்தது. ஹெல்மெட் இன்னும் தரையில்தான் கிடந்தது.

நடுவர், நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர், கையை நீட்டி அவளை அப்படியே நிறுத்தினார். ஏன் தொட்டாய் என்று கேட்டார். சாமி கும்பிட்டேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு ஓடவில்லை. மறுபடி கண்ணில் ஒற்றிக் காட்டினாள். அவருடைய மீசை ஒரு பக்கமாக நெளிந்தது. ஆனாலும் விதி விதிதான். ஹெல்மெட்டைப் போட்டு, வாரைப் பூட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். எனக்கும் சேர்த்துக் கும்பிட்டாயா என்று அவர் நடுவில் கேட்டதாக யாமினிக்குத் தோன்றியது. நின்ற இடத்தில் பதறியிருக்க வேண்டியவள், ஏனோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் பாதை கடலோரமாக நீண்டு திரும்பி, மறுபடி நீண்டது. எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். சிலர் இரண்டு தடவை தாண்டினார்கள். தலைக்கு மேலே சாங்கி விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கின. அதில் ஒன்று திருச்சியிலிருந்து வருவதாகவும் இருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னாள். இப்போது சத்தமாகவே சொன்னாள். காற்றில் யார் காதிலும் விழாது.

ஓட இறங்கியபோது கால்கள் அவளுடையவையாக இல்லை. இரண்டு தலையணைகளைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. வெயில் ஏறிவிட்டது. சவுக்கு மரங்களுக்கடியில் குடும்பங்கள் கூடாரம் போட்டுக் கோழி இறக்கையைச் சுட்டுக்கொண்டிருந்தன. யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, அவள் மாட்டியிருந்த பந்தய எண் அட்டையில் பெயரைப் படித்துவிட்டு, "யாமினி, கேக் வெட்டப் போறோம், சீக்கிரம் முடிச்சுட்டு வா மா," என்று கூப்பிட்டது. கையாட்டினாள். கோழி வாசனைக்கு வயிறு கூவியது. அதையும் அம்மாவிடம் சொன்னாள்.

திரும்புகிற இடத்தில் கதீஜா அக்கா நின்றிருந்தார். கையில் யாமினியின் ஃபோன். அவளைப் பார்த்ததும் அவசரமாக இரண்டடி முன்னால் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாமினியின் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, போ போ என்று கையை மட்டும் வீசினார்.

முடிவுக்கோடு தெரிந்தபோது பந்தயத் தொண்டர்கள் ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வளைவுக்கு மேலிருந்த கடிகாரம் பத்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெய் எப்போதோ முடித்து, குளித்து, சட்டை மாற்றி, வெளிப்பக்கமாக அவளோடு சேர்ந்து ஓடி வந்தான். பேசாதே, ஓடு என்று கத்தினான். அவள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தாளாம். கோட்டைத் தாண்டியதும் யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் மூடுவதற்குள் வந்துவிட்டார்.

கதீஜா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தே ஹாலியாவை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஃபோனை நீட்டினார்.

"நீ தண்ணில எறங்குன கொஞ்ச நேரத்துல உங்கம்மா கூப்பிட்டாங்க. அந்தப் போர்டக் கழட்டிட்டாங்களாம்."

யாமினிக்குப் புரியவில்லை. அக்கா நிதானமாகச் சொன்னார். நேற்றுக் கேட்ட கேள்விக்குப் பதில் வராததிலேயே அம்மாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அங்கே விடிவதற்கு முன்பே சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டி, ஏணியோடு அவரை இழுத்துக்கொண்டு போய், தன் கண் முன்னாலேயே அவிழ்க்க வைத்திருக்கிறாள். ஒரு போர்டுக்காக என் பிள்ளை கடலில் மூச்சை விடக் கூடாது, பயமாக இருந்தால் அப்படியே கரைக்கு வரச் சொல்லுங்கள் என்று கதீஜா அக்காவிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப ஏன்க்கா சொல்லல? திரும்புற எடத்துல நின்னீங்களே."

"சொல்லத்தான் மா அங்க வந்து நின்னேன். நொண்டிக்கிட்டு அழுதுகிட்டு வருவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா தனியா பேசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு வர்ற." அக்கா பிளாஸ்கைத் திருகி மூடினார். "அந்த மூஞ்சிகிட்ட போய் போர்டு இல்ல, நீ நிக்கலாம்னு எப்படிச் சொல்றது?"

யாமினி யோசித்துப் பார்த்தாள். கடைசியாக எப்போது ஃப்ளெக்ஸை நினைத்தாள்? கயாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு கரையில், சைக்கிளில், சவுக்கு மரத்தடியில், ஒரு தடவைகூட இல்லை.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தவுடன் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. தோள், கை, கால் என்று மேலிருந்து கீழ்வரை எண்ணுகிற மாதிரி பார்த்தாள். பதக்கத்தை அப்புறம்தான் பார்த்தாள். பார்த்ததும் தலையைத் திருப்பி, "கொழுந்தனாரே, முடிச்சுட்டாளாம்," என்று மாடிப்படியை நோக்கிச் சொன்ன குரல் பாதியில் உடைந்தது.

சித்தப்பா ஏணியோடேயே வந்தார். மறுபடி கட்டிவிடலாம், பத்து நிமிஷ வேலை என்று மூச்சுவிடாமல் சொன்னார். அம்மா ஃபோனை மொட்டை மாடித் தரைப் பக்கம் திருப்பினாள்.

காலை வெயிலில் ஃப்ளெக்ஸ் விரிந்து கிடந்தது. நாலு மூலைக்கும் செங்கல். நீல அலைகளின் மேலும் பறக்கும் துப்பட்டாவின் மேலும் வரிசை வரிசையாக வடகம் பிழிந்திருந்தது. யாமினியின் நெற்றியில் மூன்று, கன்னத்துக்கு இரண்டிரண்டு. சித்தப்பாவின் கறுப்புக் கண்ணாடி முழுசாக மாவில் மறைந்து போயிருந்தது.

"ஏம்மா, என் மூஞ்சிலயா?"

"பின்ன? கழட்டியாச்சு. இவ்ளோ பெரிய துணி, வெயிலும் நல்லா அடிக்குது." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. காஞ்ச அப்புறம் கட்டிக்கட்டும்."

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காக்கா வராமல் பார்த்துக்கொள்ள, சித்தப்பா வடகத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியோடு உட்கார்ந்தார்.